திக்லிபூர் போகும் சாலை

திக்லிபூர் எங்கே?

அந்தமான் தீவுகளின் படத்தைப் பாருங்கள். வங்கக் கடலில், மேலிருந்து கீழாகத் தீவுகள் வரிசையாக இருக்கும். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். கப்பல் போய்ச் சேரும் ஊர் போர்ட் பிளேயர். அதுதான் தலைநகரம். 2024-ஆம் ஆண்டு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். மக்கள் பேச்சில் பழைய பெயரும் இருக்கிறது. இந்தப் பாடத்திலும் பழைய பெயரே வருகிறது.

போர்ட் பிளேயர் தெற்கே இருக்கிறது. திக்லிபூர் வடக்கே இருக்கிறது. இடையில் சுமார் 325 கிலோமீட்டர் சாலை. சென்னையிலிருந்து திருச்சி வரை உள்ள தூரம்தான். திருச்சிக்கு ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். திக்லிபூர் போக ஒரு பகல் முழுவதும் வேண்டும்.

ஏன் அவ்வளவு நேரம்? வழியில் காடு இருக்கிறது. கடல் குறுக்கிடுகிறது. அந்தக் காட்டில் சிலருடைய வீடும் இருக்கிறது.

மூன்று தோழிகள்

மூன்று தோழிகள் இந்தச் சாலையில் போவதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. மூன்று பேரும் திக்லிபூரில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் நர்ஸ். ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் மீன் விற்கிறார். இவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

கல்யாணம் ஆகி மூவரும் போர்ட் பிளேயருக்கு வந்துவிட்டார்கள். படித்த ஊரை ஒரு முறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று பல வருடமாகப் பேச்சு. பேச்சோடு நின்றுவிடும். ஒருவருக்குப் பேரன் பிறப்பான். ஒருவருக்கு வேலையில் லீவு கிடைக்காது. இப்போதுதான் நாள் கூடி வந்தது. நர்ஸின் தம்பி வேன் வைத்திருக்கிறார். அவரே ஓட்டுகிறார்.

விடிகாலை 4 மணிக்கு வண்டி கிளம்பியது. தூக்குவாளியில் புளிசாதம். ஃபிளாஸ்கில் டீ.

"சின்னப் பிள்ளையில நாம எப்படிப் போனோம், ஞாபகம் இருக்காடி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கப்பல்லதான். ராத்திரி பூரா வாந்தி எடுத்தியே, அதை மறப்பேனா?" என்றார் நர்ஸ்.

அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது சாலை முடியவில்லை. போர்ட் பிளேயரில் கப்பல் ஏறி, திக்லிபூர் பக்கத்தில் உள்ள ஏரியல் பே துறைமுகத்தில் இறங்குவார்கள். 1970-களில் காட்டை வெட்டிச் சாலை போடும் வேலை நடந்தது. 1980-களின் கடைசியில்தான் வண்டிகள் வடக்கு வரை வந்தன. அந்தமான் நெடுஞ்சாலை என்று இதைச் சொல்வார்கள்.

ஜிர்காடாங்கில் வண்டி நிற்கிறது

போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஜிர்காடாங். அங்கே போலீஸ் சாவடி இருக்கிறது. எல்லா வண்டியும் அங்கே நிற்கும். பஸ், லாரி, கார், வேன் எல்லாம் வரிசையில் நிற்கும். பெயரும் வண்டி எண்ணும் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளில் சில முறை மட்டுமே வழி திறக்கும். முதல் வரிசை காலை 6 மணிக்கு. எல்லா வண்டியும் ஒன்றாகத்தான் போகவேண்டும். முன்னும் பின்னும் போலீஸ் வண்டி. இதைக் கான்வாய் என்கிறார்கள்.

சாவடியில் பலகை இருக்கிறது. வழியில் நிற்காதே. போட்டோ எடுக்காதே. தின்பண்டம் கொடுக்காதே. வண்டியை வேகமாக ஓட்டாதே. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது.

இவ்வளவு கட்டுப்பாடு யாருக்காக? ஜாரவா மக்களுக்காக.

ஜாரவாக்கள் யார்?

ஜாரவாக்கள் அந்தமானின் பழங்குடி மக்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக இந்தக் காட்டில் வாழ்கிறார்கள். பன்றி வேட்டையாடுவார்கள். மீன் பிடிப்பார்கள். தேன் எடுப்பார்கள். கிழங்கும் பழமும் சேகரிப்பார்கள். பயிர் வைப்பதில்லை. பணம் வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வரும் கூட்டம்கூட இதைவிட அதிகம்.

1957-இல் அரசு இந்தக் காட்டை ஜாரவாக்களுக்கு என்று ஒதுக்கியது. பிறகு அந்தக் காட்டின் வழியாகவே சாலையும் போட்டது. இது சரியா? ஜாரவாக்கள் சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. சாலை போட வந்தவர்கள் மேல் அம்பு எய்தார்கள். இரண்டு பக்கமும் உயிர் போனது.

முதன்முதலாக இந்தச் சாலையில் பஸ்ஸில் வந்ததை நர்ஸ் நினைத்துப் பார்த்தார். அப்போது அவர் உயர்நிலைப் பள்ளி மாணவி. பஸ்ஸில் துப்பாக்கியோடு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்து குனிந்துகொண்டார்கள். வெளியே மரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

1996-இல் ஒரு ஜாரவாச் சிறுவன் கால் ஒடிந்து கிடந்தான். கதம்தலா என்ற ஊர்ப் பக்கம் மக்கள் அவனைக் கண்டார்கள். அவனைப் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பல மாதம் வைத்தியம் நடந்தது. கால் குணமானது. அவனைத் திரும்பவும் காட்டில் விட்டார்கள். அடுத்த ஆண்டு, 1997-இல், ஜாரவாக்கள் வில் அம்பு இல்லாமல் வெளியே வந்தார்கள். ஊர் மக்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் கதை இங்கே முடியவில்லை.

ஒரு பிஸ்கட் பொட்டலம்

ஜாரவாக்கள் சாலை ஓரம் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் வாழைப்பழம் போட்டார்கள். பிஸ்கட் போட்டார்கள். சிலர் புகையிலையும் கொடுத்தார்கள்.

"நானும் போட்டிருக்கேன்" என்றார் கடைக்காரர். "1998-ல. கைக்குழந்தையோட அம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்துச்சு. பாவமா இருந்துச்சு. பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டேன்."

நர்ஸ் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். "1999-ல ஜாரவாக்களுக்குத் தட்டம்மை வந்துச்சுடி. நிறையப் பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க."

தட்டம்மை நம் குழந்தைகளுக்கும் வரும். ஆனால் நம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக அதோடு போராடியவர்கள். நமக்குத் தடுப்பூசியும் உண்டு. ஜாரவாக்கள் வெளியாட்களோடு சேராமல் வாழ்ந்தவர்கள். புது நோயை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடம்பில் இல்லை. நமக்குச் சாதாரணச் சளி. அவர்களுக்கு அதுவே நிமோனியா ஆகலாம். நோய் பிஸ்கட்டில் இருப்பதில்லை. கொடுக்கிற கையில், பேசுகிற மூச்சில் இருக்கிறது. பிஸ்கட் ஆளை அருகில் இழுக்கிறது. இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் நோய் தொற்றத்தான் செய்யும்.

2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜாரவாக் காட்டில் போகும் சாலையை மூடவேண்டும் என்றது. ஆனால் சாலை மூடப்படவில்லை. கட்டுப்பாடுகள் மட்டும் வந்தன. 2012-இல் ஒரு வீடியோ வெளியானது. தின்பண்டம் தருவதாகச் சொல்லி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ அது. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. அந்த ஆண்டே சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். இப்போது விதியை மீறினால் ஜெயில் உண்டு.

மூடவேண்டுமா, கூடாதா?

கான்வாய் நகர்ந்தது. இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். காட்டின் வாசனை வேனுக்குள் வந்தது. தோழிகள் இதைப் பற்றியே பேசினார்கள்.

"மூடிட்டா நம்ம ஊரு ஜனங்க என்ன செய்வாங்க?" என்றார் கடைக்காரர். "பருப்பு, வெங்காயம், சிமெண்டு எல்லாம் லாரியிலதானே போகுது?"

"பெரிய ஆபரேஷன்னா போர்ட் பிளேயருக்குத்தான் அனுப்புறாங்க" என்றார் நர்ஸ். "பிரசவத்துல சிக்கலான பொண்ணுங்க இந்த வழியாத்தான் ஆம்புலன்ஸ்ல வராங்க. என் கண்ணால எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்."

மீன் விற்பவர் இதுவரை பேசவில்லை. இப்போது பேசினார். "நம்ம வீட்டு முற்றத்துல ஒருத்தன் ரோடு போடுறான். தினம் நூறு வண்டி போகுது. நின்னு நின்னு நம்மளை வேடிக்கை பார்க்கிறான். நாம சும்மா இருப்போமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். கடல் வழியை நன்றாக்கினால் சாலையில் கூட்டம் குறையும் என்று பலர் சொல்கிறார்கள். பாராடாங் தீவுக்குக் கடல் வழியாகப் போகவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால் கப்பலுக்கு நேரம் அதிகம். மழைக்காலத்தில் கடல் பொங்கும். இதற்கு எளிய விடை யாரிடமும் இல்லை.

ஒரு திருப்பத்தில் நான்கைந்து ஜாரவாக்கள் ஓரமாக நடந்து போனார்கள். ஒருவர் தோளில் வில் இருந்தது. தம்பி வண்டியை நிறுத்தவில்லை. கடைக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் பையில் பிஸ்கட் இருந்தது.

கடலைத் தாண்டும் வண்டி

காடு முடியும் இடத்தில் கடல் குறுக்கே வருகிறது. ஆறு போலத் தெரியும். தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். இரண்டு தீவுக்கு நடுவே உள்ள குறுகிய கடல் இது. இதை நீரிணை என்பார்கள். வண்டிகளை ஏற்றும் பெரிய படகு இங்கே இருக்கிறது. பஸ்ஸே படகில் ஏறி நிற்கும். பக்கத்தில் மனிதர்கள் நிற்பார்கள். அக்கரை பாராடாங் தீவு. அதன் மறுகரையிலும் முன்பு இப்படித்தான் படகுக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது அங்கே நீளமான பாலம் வந்துவிட்டது.

பிறகு கதம்தலா, ரங்கத், மாயாபந்தர் என்று ஊர்கள் வருகின்றன. மாயாபந்தர் பக்கம் கரேன் மக்கள் வாழ்கிறார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள்.

மாயாபந்தரைத் தாண்டினால் மறுபடியும் ஒரு நீரிணை. அதன் மேல் செங்கப்பா பாலம். பாலத்தைக் கடந்தால் வடக்கு அந்தமான்.

இந்தப் பாலம் தோழிகளின் பள்ளி நாட்களில் கிடையாது. அப்போது மாயாபந்தரில் படகு ஏறுவார்கள். இரண்டரை மணி நேரம் போகும். கடைசியில் கால்வாய் குறுகிவிடும். இரு கரையிலும் அலையாத்தி மரங்கள். வேர்கள் விரல் போலச் சேற்றில் ஊன்றி நிற்கும். முதலை இருக்கும் என்று கையை வெளியே நீட்ட விடமாட்டார்கள். காளிகாட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்.

"இப்ப ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டோம்" என்றார் தம்பி.

"நல்லதுதான்" என்றார் அவர் அக்கா. ஆனாலும் பாலத்தின் கீழே தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சீதாநகர், ராம்நகர், லட்சுமிபூர்

திக்லிபூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயரைக் கேளுங்கள். ராம்நகர். சீதாநகர். லட்சுமிபூர். துர்காபூர். காளிப்பூர். இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

1947-இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானோடு போனது. இப்போது அது வங்கதேசம். அங்கிருந்து லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக வந்தார்கள். அவர்களில் பல குடும்பங்களை அரசு கப்பலில் அந்தமானுக்கு அனுப்பியது. 1950-களில் திக்லிபூர்ப் பக்கம் குடியேற்றினார்கள். குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயல். 5 ஏக்கர் மேட்டு நிலம். வயல் என்றால் அன்று வயல் இல்லை, காடு. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, அவர்கள்தான் வயலாக்கினார்கள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் காடு வெட்டினார்கள். புது ஊருக்குத் தங்கள் சாமிகளின் பெயரை வைத்தார்கள். இன்று திக்லிபூர் நெல்லுக்குப் பேர்போனது.

தமிழர்களும் வேலை தேடி வந்தார்கள். தோழிகளின் தகப்பனார்கள் அப்படி வந்தவர்கள்தான். வீட்டில் தமிழ் பேசுவார்கள். தெருவில் இந்தி. பக்கத்து வீட்டில் வங்காளம். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். யார் வீட்டு மீன்குழம்பு என்பது மதியச் சாப்பாட்டில் வாசனையிலேயே தெரியும்.

பள்ளிக்கூடம் இப்போது மாறிவிட்டது. முன்பு மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவார். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இப்போது காங்கிரீட் கட்டடம்.

மீன் விற்பவர் வாசலில் நின்றார். உள்ளே போகத் தயங்கினார். அப்பா இறந்த வருடம் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இந்தியில் படித்த கொஞ்ச எழுத்தும் மறந்துபோனது. தமிழ் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல், மகளிடம் கற்றார். மகள் கண்டிப்பான டீச்சர். தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வாள்.

"வாடி, நம்ம வகுப்பு எதுன்னு பார்க்கலாம்" என்று நர்ஸ் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

பழைய வகுப்பறை இல்லை. அந்த இடத்தில் சைக்கிள்கள் நின்றன. ஆனால் வேலி ஓரம் பழைய மாமரம் இருந்தது. மூவரும் அதன் அடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள்.

கரண்ட் வந்த கதை

அந்தக் காலத்தில் டீசல் எஞ்சினில்தான் கரண்ட். எஞ்சின் நின்றால் ஊரே இருட்டு. பரீட்சைக்கு அரிக்கேன் விளக்கில் படித்தார்கள். 2001-இல் கால்பொங் ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்தார்கள். அந்தமானில் தண்ணீரிலிருந்து எடுத்த முதல் மின்சாரம் அதுதான். அந்த ஆறு சேடில் சிகரத்தில் பிறக்கிறது. சிகரத்தின் உயரம் 732 மீட்டர். அந்தமானிலேயே உயரமான மலை அதுதான். ஊட்டி மலையோடு பார்த்தால் சிறியது. ஆனால் கடல் ஓரத்திலிருந்தே ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பதே நல்லது. தோழிகளும் அப்படித்தான் செய்தார்கள்.

மேலே வந்த கரை

மறுநாள் ஏரியல் பே போனார்கள். அங்கிருந்து படகில் ராஸ், ஸ்மித் என்ற இரண்டு தீவுகளுக்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவே வெள்ளை மணல் திட்டு. கடல் வற்றும்போது ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம். கடல் ஏறினால் மணல் மூழ்கிவிடும். எந்த நேரம் ஏறும் என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கவேண்டும்.

படகுக்காரர் 2004 டிசம்பர் 26 பற்றிச் சொன்னார். அன்று பூகம்பம் வந்தது. சுனாமி வந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. தீவுகளே சாய்ந்தன. கிணற்றில் ஏற்றம் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் உயரும். அதைப் போல, வடக்கு அந்தமான் மேலே எழுந்தது. மேற்குக் கரையில் அதிகமாக எழுந்தது. தண்ணீருக்குள் இருந்த பவளப் பாறைகள் வெளியே வந்து வெயிலில் செத்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. போர்ட் பிளேயர் பக்கத்தில் சிப்பிகாட் என்ற ஊரில் வயல்களில் கடல் புகுந்தது.

"சிப்பிகாட்டுல எங்க சொந்தக்காரங்க வயல் தண்ணிக்குள்ளதான் கிடக்கு" என்றார் கடைக்காரர். "அதே நாள்ல இங்க கரை மேல வந்துச்சா?"

கடலடியில் பூமியின் ஒரு பெரிய தட்டு இன்னொரு தட்டின் கீழே மெதுவாக நுழைகிறது. அது பல காலம் சிக்கி நிற்கும். ஒருநாள் வழுக்கும். அதுதான் பூகம்பம். திக்லிபூருக்குப் பூகம்பம் புதிதல்ல. 2002 செப்டம்பரிலும் இங்கே பெரிய அதிர்ச்சி வந்தது.

காளிப்பூர் ஆமைகள்

கடைசியாகக் காளிப்பூர் கடற்கரை. பள்ளிச் சுற்றுலா வந்த இடம். மணல் கறுப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இரவில் கடல் ஆமைகள் இங்கே ஏறி வரும். மணலைத் தோண்டி சுமார் நூறு முட்டை இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. நான்கு வகை ஆமைகள் இந்தப் பக்கம் முட்டையிடுகின்றன. ஒரே இடத்தில் நான்கு வகை வருவது அபூர்வம்.

"அப்பல்லாம் தோண்டி எடுத்து அவிச்சுத் தின்போம்" என்றார் மீன் விற்பவர். அது உண்மை. பல வீடுகளில் அப்படித்தான். இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையினர் முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைக்கிறார்கள். நாயும் உடும்பும் தின்னாமல் காவல் இருக்கிறார்கள். சுமார் 50 நாளில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு அதிகம். குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சு அதிகம்.

குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். இருட்டில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். அதனால்தான் அங்கே டார்ச் அடிக்கக் கூடாது. கரையில் விளக்கு எரிந்தால் குஞ்சு ஊர்ப் பக்கம் நடந்து செத்துப்போகும்.

வேலியில் ஒரு அட்டை தொங்கியது. தேதியும் முட்டைகளின் எண்ணிக்கையும் எழுதியிருந்தது. மீன் விற்பவர் குனிந்து வாசித்தார். எண்களைச் சத்தமாகச் சொன்னார். அன்று இரவு எட்டு மணிக்குக் காவலர் கூடையைத் திறந்தார். கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள் மணலில் இறங்கின. மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி நின்றார்கள்.

கலந்து பேசுங்கள்

1. ஜாரவாக் காட்டில் போகும் சாலையை மூடவேண்டுமா? உங்கள் ஊர் திக்லிபூராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நீங்கள் ஜாரவாவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

2. உங்கள் ஊர்ப் பெயர் எப்படி வந்தது? வயதானவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

3. நீங்கள் சிறு வயதில் பார்த்த ஓர் இடம் இப்போது மாறியிருக்கிறதா? ஏன் மாறியது?